எட்டாம் பக்கம் முதலில் ஓடியது

வெள்ளிக்கிழமை சாயங்காலம்

முதலாளி பெட்டியைக் கவிழ்த்தபோது நான் மடிப்பு மேஜையில் இருந்தேன். அந்த மரப்பெட்டி ஒரு வாரமாகப் பிரஸ் வாசலில் தொங்கியது. எங்கள் வாரப் பத்திரிகையின் கதைப் போட்டிக் கூப்பன்களை ஜனங்கள் அதில்தான் போட்டார்கள். ஐந்து மணி ஆனதும் முதலாளி பூட்டைத் திறந்து எல்லாவற்றையும் தம் மேஜையில் கொட்டினார். ஒரு கையில் கச்சாங் பூத்தே பொட்டலம். வறுத்த கடலையை ஒன்றிரண்டாக வாயில் போட்டுக்கொண்டே கூப்பன்களைப் பிரித்தார். பத்துப் பன்னிரண்டு வரை முகத்தில் சிரிப்பு இருந்தது. அப்புறம் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"வேலு, இங்க வா" என்று கூப்பிட்டார்.

வேலு என் வீட்டுக்காரர். கம்போசிட்டர். எழுத்துக் கோர்க்கும் ஸ்டிக்கை எழுத்துப்பெட்டியான கேஸ் மேல் வைத்துவிட்டுப் போனார். சிலிண்டர் மிஷின் ஓட்டும் கனி பாயும் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

முதலாளி ஒரு கூப்பனை எடுத்துப் படித்தார். "குடை அவனுடையதே. காம்பில் அவன் பெயர் வெட்டியிருக்கிறது." அடுத்ததை எடுத்தார். அதிலும் அதே பதில். அதற்கடுத்ததிலும் அதே. மொத்தத்தில் பாதிக்கு மேல் அப்படி இருந்தது.

"குடை அவனோடதுன்னு ஒருத்தன் ரெண்டு பேர் யோசிச்சுச் சொல்லலாம். காம்புல பேரு வெட்டியிருக்குன்னு எவன் யோசிப்பான்? கதையோட கடைசி சிலிப்ப ஒங்கையிலதான குடுத்தேன்?"

"ஆமாங்க."

"வேற யார் கையிலயும் குடுக்கல."

"இல்லிங்க."

"அப்ப யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லலிங்க."

அவர் பதில் அவ்வளவுதான். சத்தியம் பண்ணவில்லை, குரலை உயர்த்தவில்லை. முதலாளி திங்கட்கிழமை காலை வரை தவணை கொடுத்தார். யாரிடம் சொன்னார் என்று அதற்குள் சொன்னால் மன்னிக்கலாம், இல்லையென்றால் கேஸைத் தொட வேண்டாம், பின்பக்கத்து அறையையும் காலி பண்ண வேண்டும் என்றார். நாங்கள் குடியிருந்தது பிரஸ்ஸுக்குப் பின்னால் அவர் கொடுத்திருந்த அறையில். கோலாலம்பூரில் தமிழ் அச்சு கோர்க்கிற இடங்கள் கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். ரகசியத்தை வெளியே விட்ட கம்போசிட்டர் என்று ஒரு பேச்சு கிளம்பினால் வேறு எந்தக் கதவும் திறக்காது.

முதலாளி கடைசியாக ஒரு கூப்பனை எடுத்து விலாசத்தோடு படித்தார். ராசம்மா, ரயில்வே குவார்ட்டர்ஸ், பிரிக்பீல்ட்ஸ்.

"பொம்பளைங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கண் தரைக்குப் போனது. கொஞ்ச நாளாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் வேலை முடிந்ததும் அவர் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் அவரைப் பார்த்ததாகக் கனி பாய் ஒரு தடவை சாதாரணமாகச் சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நிமிடம் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வேலை

இப்போது மடிப்பு மேஜைக்குப் புதிதாக மூன்று பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேலையை வாயால் சொன்னால் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இரண்டாவதோடு நின்றவள். பதினாறு வயதில் இங்கே தாள் மடிக்க வந்தேன். எனக்குப் படிக்க வந்ததே மடித்த தாளைப் பார்த்துப் பார்த்துத்தான்.

எங்கள் பத்திரிகை எட்டுப் பக்கம். ஒரே பெரிய தாள். இரண்டு தடவை மடித்துத் தலைப்பக்கம் வெட்டினால் எட்டுப் பக்கமாகிவிடும். தாளின் ஒரு முகத்தில் ஒன்று, நாலு, ஐந்து, எட்டு என்று நாலு பக்கம் வரும். இதை வெளிப்பாரம் என்போம். மறுமுகத்தில் இரண்டு, மூன்று, ஆறு, ஏழு வரும். இது உள்பாரம். வெளிப்பாரத்தில் விளம்பரமும் கட்டுரையும் கதையின் கடைசிப் பாகமும் இருக்கும். அதற்கு அவசரமில்லை என்பதால் புதன்கிழமையே ஓட்டிவிடுவார்கள். உள்பாரத்தில் தந்திச் செய்தி இருப்பதால் அது வெள்ளிக்கிழமை காலைதான் மிஷினில் ஏறும். இடையில் தாளெல்லாம் ஒரு முகம் மட்டும் அச்சாகி, மறுமுகம் வெள்ளையாகப் பூட்டிய அறையில் காய்ந்துகொண்டிருக்கும்.

ஏழாம் பக்கமும் எட்டாம் பக்கமும் ஒரே இலையின் முதுகும் வயிறும். ஆனாலும் எட்டு பிறந்து இரண்டு நாள் கழித்துத்தான் ஏழு பிறக்கும்.

மிஷின் ஓட ஆரம்பிக்கும்போது முதலில் சில தாள் கெட்டுப்போகும். மை வெளுத்திருக்கும், இல்லையென்றால் பாரம் கோணியிருக்கும். கனி பாய் அவற்றை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, அட்டையை ஒட்டி அழுத்தம் சரிபண்ணுவார். அந்த வேஸ்ட் தாளைப் பொறுக்கிக் கட்டி வைப்பது என் வேலை. வியாழக்கிழமை மத்தியானம் கச்சாங் பூத்தே விற்கும் மாடசாமி அண்ணன் வந்து கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போவார். காசு வாங்குவதில்லை. அதற்குப் பதில் தினமும் சாயங்காலம் முதலாளிக்கு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போவார். இந்த ஏற்பாடு நான் வருவதற்கு முன்பே முதலாளி பண்ணினது.

கதையை முதலாளியே எழுதுவார். அவர் கதையெல்லாம் ஒரே ஜாதி. ஒருவன் இன்னொருவரைச் சந்தேகப்படுவான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுக் காரியத்தைக் கெடுப்பான். கடைசிப் பத்தியில் எல்லாம் திரும்பிக்கொண்டு அவன் தலையிலேயே விழும். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். பார்பர் கடையில் ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். எனக்கும் பிடிக்கும். மடிக்கும்போதே ஒரு கண்ணால் படித்துவிட்டு, "இவ்வளவு மண்டூகமா இருப்பானா ஒருத்தன்" என்று சிரிப்பேன்.

அந்த வாரத்துக் கதை ஒரு ரயில்வே கிராணியை, அதாவது குமாஸ்தாவைப் பற்றியது. மழை நாளில் வீட்டுக்கு வருகிறான். வாசலில் யாருடையதோ ஒரு குடை. பெண்டாட்டியைக் கேட்கிறான். யாரோ ஒருத்தர் கொடுத்துவிட்டுப் போனார் என்று அவள் சொல்ல ஆரம்பிக்கிறாள். முழுதாகக் கேட்காமல் குடையைக் கிள்ளான் ஆற்றில் எறிந்துவிட்டு, அவளை அம்மா வீட்டுக்கு ரயிலேற்றிவிடுகிறான். முதல் வாரம் அதோடு நின்றது. குடை யாருடையது என்று சரியாக எழுதி அனுப்பினால் மேஜைக் கடிகாரம் பரிசு. முடிவு அடுத்த சனிக்கிழமை வரும். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை கூப்பன் போடலாம்.

முடிவு வெளியே போய்விடக் கூடாது என்று முதலாளி கையெழுத்துப் பிரதியைப் பிரித்துக் கொடுத்தார். ஏழாம் பக்கம் வரை இன்னொரு கம்போசிட்டர் கோர்த்தார். எட்டாம் பக்கத்துச் சிலிப்பு மட்டும் என் வீட்டுக்காரர் கைக்குப் போனது. பிரஸ்ஸிலேயே அவரைத்தான் முதலாளி அதிகம் நம்பினார். அந்த நம்பிக்கைதான் வெள்ளிக்கிழமை அவர் கழுத்தைப் பிடித்தது.

நான் துப்பறிந்தது

புதன்கிழமை கஞ்சி குடிக்கும்போது நான் அவரைக் கெஞ்சியிருந்தேன். குடை யாருடையது என்று எனக்கு மட்டும் சொல்லச் சொன்னேன். "சனிக்கிழமை ஒங்கையாலதான மடிக்கப்போற, அப்ப படி" என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாளாக அப்படித்தான். கதை முடிவை எனக்கு ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்குச் சொல்லாததை ராசம்மாவுக்குச் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை போகிறார். வியாழக்கிழமைக்கு அப்புறம்தான் கூப்பன்கள் வந்து குவிந்தன. அவள் பேரைக் கேட்டதும் தலை குனிகிறார். எல்லாம் பல்சக்கரம் மாதிரி ஒன்றோடொன்று பொருந்தியது.

ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். கதையில் சந்தேகப்படுகிறவன் நமக்கு மண்டூகமாகத் தெரிவான். நாமே சந்தேகப்படும்போது அப்படித் தெரியாது. அந்த இரண்டு நாளும் நான் என்னை மகா புத்திசாலி என்றுதான் நினைத்தேன். ஊரெல்லாம் ஏமாந்தபோது நான் மட்டும் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு திமிர்கூட இருந்தது.

"வியாழக்கெழமை எங்க போறீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா ஒரு வேலை."

"என்ன வேலை?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அதற்குமேல் கேட்கவில்லை. சனிக்கிழமை முழுக்க அவரோடு பேசவில்லை. சோற்றைப் போட்டுத் தட்டைத் தரையில் தள்ளினேன். அவர் பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்தார். வேலை போகப்போகிற மனுஷன். கூட நிற்க வேண்டியவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளிக்கப் போனபோது நான் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் கிளம்பினேன். என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாயில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் கிடையாது.

ராசம்மா

வீட்டைக் காட்டிய பிள்ளை, "டிரெஸர் ஐயா வீடு" என்றது. டிரெஸர் என்றால் ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கிறவர். நான் அதைக் காதில் வாங்கவில்லை. கதவைத் தட்டினேன்.

திறந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். மூக்குக் கண்ணாடி. தலை பாதி நரைத்திருந்தது. யாழ்ப்பாணத்துப் பேச்சு. ராசம்மா நீங்கதானா என்று கேட்டேன். நான்தான், ஆர் நீர் என்று கேட்டார். பிரஸ் வேலு பெண்டாட்டி என்று சொன்னதும் கதவை அகலத் திறந்தார்.

"வாரும் பிள்ளை. நீர் ஒருக்காலும் வரேல்லையே எண்டு நானும் யோசிச்சனான். இப்ப இருமல் எப்பிடி?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கு இருமல் என்று கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"உமக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

அவர் சொன்னதை நான் நின்றுகொண்டே கேட்டேன். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குப் பயந்துகொண்டு, டிரெஸரான ராசம்மாவின் கணவர் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நேரம் பார்த்து வியாழக்கிழமைகளில் வருகிறாராம். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. ஒரு தடவை ரத்தமும் வந்திருக்கிறது. மருந்துப் புட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே வைத்துவிட்டு, வந்து குடித்துவிட்டுப் போகிறாராம். வீட்டில் தெரிந்தால் பயந்துவிடுவாள் என்று காரணம் சொன்னாராம். அலமாரியில் அந்தப் புட்டி இருந்தது. அவர் பெயரை எழுதிக் காகிதம் ஒட்டியிருந்தார்கள்.

நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தையெல்லாம் வாயிலேயே செத்துப்போனது.

ராசம்மா அம்மா தேத்தண்ணி போட உள்ளே போனார். நான் உட்கார்ந்து யோசித்தேன். எதற்கு வந்தோம் என்பதே மறந்துபோனது. அவர் கோப்பையை நீட்டியபோதுதான் கூப்பன் நினைவு வந்தது. போட்டிக்கு எழுதினீர்களே, முடிவு எப்படித் தெரியும், அவர் சொன்னாரா என்று கேட்டேன்.

"அவரோ? அந்த மனுசன் வாயைத் திறந்து மணி கேட்டால்கூடச் சொல்லார். எனக்குக் கடலைச் சரையில வந்தது."

அடுப்படியிலிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். மாடசாமி அண்ணனிடம் வியாழக்கிழமை வாங்கிய கச்சாங் பூத்தேயைச் சுற்றியிருந்த காகிதம். எண்ணெய்க் கறை. சுருட்டிய தடம். மை கொஞ்சம் வெளுத்திருந்தது. எட்டாம் பக்கத்தின் கீழ்ப் பாதி.

"இதில குடைக்காம்பில பேர் இருக்கு எண்டு போட்டிருக்கு. ஆனால் அந்த ஆள், அந்த ஆள் எண்டு மட்டும்தான் கிடக்கு. ஆர் அந்த ஆள்? மாமனாரோ, பொலிஸ்காரனோ? பக்கத்து வீட்டுப் பொடியனுக்கும் இதே மாதிரி ஒரு துண்டு வந்தது. அதிலயும் இல்லை. நேற்றுப் பேப்பர் வாங்க மறந்துபோனன்."

அந்த ஆள் ஒரு ரிக்‌ஷாக்காரர். பினாங்கிலிருந்து மாமனார் அனுப்பிய குடையை உறைகூடப் பிரிக்காமல் கிராணி அந்த ரிக்‌ஷாவில் விட்டுவிட்டான் என்று அவர்தான் கொண்டுவந்து கொடுத்தார். அது ஏழாம் பக்கத்தில் வருகிறது. சனிக்கிழமைப் பேப்பரை வாங்கினவர்களுக்கெல்லாம் தெரியும். வியாழக்கிழமைக் காகிதத்தில் எப்படி இருக்கும்?

நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை. அதில் ராசம்மா அம்மா கடைக்குப் போக உப்பு, மல்லி, தேங்காய் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

ஒரு முகம் மட்டும் அச்சான தாள் ஊரில் இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று முதலாளி பூட்டி வைக்கும் அறை. இன்னொன்று நான் கட்டி வைக்கும் வேஸ்ட் கட்டு. வியாழக்கிழமை மத்தியானம் சணலை இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, மாடசாமி அண்ணன் தலையில் நானே தூக்கி வைத்தேன். பத்திரமாகப் போங்கண்ணே என்று வேறு சொன்னேன்.

எங்கள் பகுதி முழுக்க முடிவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என் கைதான்.

திங்கட்கிழமை

அந்தக் காகிதத்தை ராசம்மா அம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். உப்பு, மல்லி, தேங்காயை அவர் வேறொன்றில் எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே போனேன் என்று சொன்னால், எதற்குப் போனேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதைக் கேட்கும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காலையில் அவர் நேராக முதலாளி மேஜைக்கு முன்னால் போய் நின்றார். நானும் போனேன். மடிப்பு மேஜைக்குப் போ என்றார் முதலாளி. போகவில்லை.

"ஐயா, முடிவு வெளிய போனது என் கையால. அவரு இல்ல."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கனி பாய் மிஷினுக்கு எண்ணெய் விடுவதை நிறுத்திவிட்டார். நான் காகிதத்தை மேஜையில் விரித்தேன். முன்பக்கம் எட்டாம் பக்கம், பின்பக்கம் வெறும் வெள்ளை, வேஸ்ட் கட்டிலிருந்து போனது, கட்டினது நான், வியாழக்கிழமையே ஊருக்குள் போய்விட்டது என்று வரிசையாகச் சொன்னேன். கூப்பன் எழுதினவர்களில் யாருக்காவது ரிக்‌ஷாக்காரரைத் தெரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

முதலாளி கூப்பன்களை மறுபடி புரட்டினார். ஒருத்தர் அந்த ஆளைப் போலீஸ்காரன் என்று எழுதியிருந்தார். ஒருத்தர் மைத்துனன் என்று எழுதியிருந்தார். மீதிப் பேர் எல்லாரும் அந்த ஆள் என்றே விட்டிருந்தார்கள். ரிக்‌ஷாக்காரர் ஒன்றில்கூட இல்லை.

ஆனாலும் அவர் விடவில்லை. "ரிக்‌ஷாக்காரன் இவனுக்கும்தான் தெரியாது. எட்டாம் பக்கம் மட்டும் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான். புருஷனக் காப்பாத்த எதோ ஒரு காயிதத்தத் தூக்கிட்டு வந்துட்ட."

அதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் என் வீட்டுக்காரரும் கச்சாங் பொட்டலமும் ஒன்றுதான். இருவருக்கும் எட்டு தெரியும், ஏழு தெரியாது.

அப்போதுதான் மேஜை ஓரத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை முதலாளி பாதி தின்று வைத்த பொட்டலம் மைக்கூட்டில் சாய்ந்து கிடந்தது. கேட்காமல் எடுத்தேன். உள்ளே இருந்த நாலைந்து கடலையை அவருடைய மையொற்றும் தாளில் கொட்டினேன். சுருட்டைப் பிரித்து, கையால் நீவி, அவர் முன்னால் வைத்தேன்.

எட்டாம் பக்கத்தின் மேல் பாதி. குடைக்காம்பு அதில்தான் ஆரம்பிக்கிறது. பின்பக்கம் வெள்ளை.

முதலாளி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைச் சந்தேகப்பட்டவன் தலையில் கடைசியில் என்ன விழும் என்று அந்த ஊரிலேயே அதிகம் எழுதினவர் அவர்தான். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரரைத் திட்டும்போதும் ஒரு பொட்டலம் அவர் கையில்தான் இருந்தது. பிரிக்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கனி பாய்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நல்லவேளை ஐயா, நீங்க கூப்பன் போடல. கடிகாரம் ஒங்களுக்கே விழுந்திருக்கும்."

முதலாளி சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். கடைசியில் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "போய் வேலையப் பாரு, மொதல் பக்க விளம்பரம் நிக்குது" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் அந்த வாரமும் கடைசி சிலிப்பை அவர் கையில்தான் கொடுத்தார். எங்கள் வேலையில் அதற்கு மேல் ஒரு மன்னிப்பு கிடையாது. தவிர்க்க முடியாத காரணத்தால் போட்டியை ரத்து செய்துவிட்டதாக ஒரு அறிவிப்பு வந்தது. அதை மடித்ததும் நான்தான்.

பின்வாசல்

மத்தியானம் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது அவர் கேட்டார். "அந்தக் காயிதம் ஒனக்கு எங்க கெடச்சுது?"

மாடசாமி அண்ணனிடம் என்று பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ராசம்மா அம்மா வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். எதை நினைத்துக்கொண்டு போனேன் என்பதையும் சொன்னேன். தலையைத் தூக்காமல்தான் சொன்னேன்.

அவர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று. நான் முதுகைத் தடவினேன்.

"ராசம்மாக்காவ நல்லா பாத்தியா? எங்க அம்மாவுக்கு அக்கா மாதிரி இருப்பாங்க. கொஞ்சம் நல்ல ஆளாப் பாத்து சந்தேகப்படக் கூடாதா லா?"

நான் அழுதேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ பயப்படுவ. நீ பயந்தா நானும் பயந்துருவேன்."

அவ்வளவுதான் சொன்னார். மறு வியாழக்கிழமை நானும் கூடப் போனேன். புட்டியை வீட்டுக்கே எடுத்து வந்தோம். டிரெஸர் ஐயா சொல்லி ஆஸ்பத்திரிக்கும் போனோம். அதற்கப்புறம் ஒன்றரை வருஷம் இருந்தார். நிற்க முடியாமல் போனபோது ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கோர்த்தார். நான் பக்கத்தில் நின்று, ஓடி முடிந்த பாரத்தின் எழுத்தைப் பிரித்துக் கேஸில் போட்டுக்கொடுத்தேன். அப்படிப் போட்டுப் போட்டே எந்த அறையில் எந்த எழுத்து என்பது என் கைக்குத் தெரிந்துவிட்டது. அவர் போய் இப்போது எட்டு மாதம். அவர் கேஸில் நான் நிற்கிறேன். முதலாளி முதலில் யோசித்தார். ஒரு கேலித் தட்டு நிறைய எழுத்துக் கோர்த்து ப்ரூப் எடுத்துக் காட்டினேன். தப்பு குறைவாக இருந்தது. கொடுத்துவிட்டார். கடைசி சிலிப்பு இப்போது என் கைக்கு வருகிறது. யாருக்கும் சொல்வதில்லை.

புதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது இரண்டு. புதன்கிழமை வேஸ்ட்டைச் சனிக்கிழமை மத்தியானம் வரை யார் கேட்டாலும் வெளியே விடாதீர்கள். அதை என் மேஜைக்குக் கீழே வையுங்கள். இது முதலாவது.

இரண்டாவது. பிரஸ்ஸில் ஏதாவது வெளியே போய்விட்டால், ஏதாவது காணாமல் போனால், முதலில் தாள் எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். மிஷின், காயும் அறை, மடிப்பு மேஜை, கட்டு, வாசல். ஒவ்வொரு இடமாக நின்று பாருங்கள். உங்கள் கை பட்ட இடத்தில் கூடுதலாக ஒரு நிமிடம் நில்லுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் முகத்தில் ஆரம்பித்தேன். அவர் கண் தரைக்குப் போனது மருந்துப் புட்டிக்காக. நான் அதை வேறு விதமாகப் படித்தேன்.

வேலை போகவில்லை, அறை போகவில்லை, பேரும் கெடவில்லை. நான் செய்த தப்பை நானே திருத்தினேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் பாதித் தட்டில் எழுந்து போனார். மீதிச் சோற்றைச் சாப்பிடச் சொல்லி நான் கூப்பிடவில்லை. அவரோடு எனக்குக் கிடைத்ததே கொஞ்ச நாள். அதில் இரண்டு நாளை நானே வேஸ்ட்டில் போட்டேன்.

வீட்டில் யார் மேலாவது சந்தேகம் வந்தால், பிள்ளைகளே, சோற்றைப் போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.